நினைவைக் கேட்பதா, கூடவே நடப்பதா, குலுக்கிப் போடுவதா?

"பெற்றோர் இப்படி நடந்துகொண்டால் பிள்ளை அப்படி ஆகும்" என்கிற செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலும் பின்னணியில் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கவும் செய்யும். அது எந்த வகை ஆய்வு என்பதைத்தான் செய்தி சொல்லாது. வளர்ந்தவர்களிடம் அவர்களுடைய பால்யத்தைப் பற்றிக் கேட்பது ஒரு வழி. குழந்தைகளைச் சிறு வயதிலிருந்தே பின்தொடர்வது இன்னொன்று. உறவுகளை ஒப்பிட்டு மரபணுவின் பங்கைக் கழித்துப் பார்ப்பது மூன்றாவது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மட்டும் உதவி கொடுத்துப் பார்ப்பது நான்காவது. நான்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது போலத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை.

நினைவைக் கேட்கும் வழியில் மிகவும் பேர் பெற்றது, வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு. சான் டியேகோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் உடல் பரிசோதனை செய்துகொண்ட பெரியவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 9,508 பேர் பதில் எழுதினார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, அம்மா மீதான வன்முறை, வீட்டில் குடி அல்லது போதை, மனநோய், சிறை சென்றவர் என ஏழு வகைக் கேள்விகள். இவற்றில் நான்கையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது. இதய நோயும் நுரையீரல் நோயும்கூடக் கஷ்டங்களின் எண்ணிக்கை கூடக் கூட ஏறின. குழந்தைப் பருவத்தை மருத்துவரின் மேசைக்குக் கொண்டு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. செலவும் குறைவு, விடையும் சீக்கிரம் கிடைத்துவிடும்.

ஆனால் நாற்பது வருடம் கழித்துச் சொல்லும் நினைவு எந்த அளவுக்குச் சரியாக இருக்கும்? இங்கேதான் இரண்டாவது வழி முதலாவதைச் சோதித்துப் பார்க்கிறது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972 ஏப்ரலுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த 1,037 பேரை மூன்று வயதிலிருந்து இன்றுவரை பின்தொடர்கிறார்கள். பல், கண், நுரையீரல், ரத்தம், பண நிலைமை, குடும்ப உறவு என்று ஒரு நாள் முழுக்கச் சோதனை நடக்கும். வெளிநாட்டில் குடியேறியவர்களையும் விமானச் செலவு கொடுத்து வரவழைப்பார்கள். இந்த மெனக்கெடலுக்குப் பலனாக, 38 வயதுச் சுற்றில் உயிரோடிருந்தவர்களில் 95 சதவீதம் பேர் வந்தார்கள். பின்தொடரும் ஆய்வுகளைக் கொல்வதே பாதியில் விலகிப் போகிறவர்கள்தான். அதுவும் கஷ்டத்தில் இருப்பவர்கள்தான் முதலில் விலகுவார்கள். அதனால் என் கணக்கில் இந்த 95 சதவீதம், அங்கே கண்டுபிடித்த எதைவிடவும் பெரிய சாதனை.

இந்தக் குழுவிடம் 38 வயதில் பால்யக் கஷ்டங்களைப் பற்றிக் கேட்டு, சிறு வயதிலேயே எழுதி வைத்திருந்த பதிவுகளோடு ஒப்பிட்டு 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. இரண்டும் ஓரளவுதான் பொருந்தின. நினைவு சொன்ன கஷ்டங்கள், "என் உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை" என்று அவர்களே சொன்னவற்றோடு நெருக்கமாக ஒட்டின. சோதனைகளில் அளந்த உடல்நலம், அறிவுத்திறன் ஆகியவற்றோடு அவ்வளவாக ஒட்டவில்லை. 2019-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது விஷயம் இன்னும் தெளிவானது. சிறு வயதிலேயே கொடுமை பதிவானவர்களில் சுமார் பாதிப் பேர் பெரியவர்களான பின் அதைச் சொல்லவில்லை. கொடுமை நடந்ததாகச் சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் காலப் பதிவு இல்லை. இதை வைத்து யாரையும் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது; வீட்டுக்குள் நடக்கும் கொடுமை பதிவேட்டுக்கு வராமல் போவது சகஜம். ஆனால் இரண்டு வழிகளும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களைத்தான் பிடிக்கின்றன என்பது உறுதி.

ஒருவர் இன்று எப்படி அவதிப்படுகிறார் என்று புரிந்துகொள்ள நினைவே போதும், சொல்லப்போனால் அதுதான் முக்கியம். ஒரு நிகழ்வின் விளைவாக உடம்பில் என்ன நடந்தது என்று கேட்டால் நினைவை மட்டும் நம்ப முடியாது. அப்புறம் அந்த "நான்கு மதிப்பெண்" விஷயம், அதாவது கேள்வித்தாளில் ஒருவர் அனுபவித்ததாகச் சொன்ன கஷ்ட வகைகளின் எண்ணிக்கை. அதைத் தனி ஆளின் தலையெழுத்து போலப் பயன்படுத்துவது தவறு என்று 2020-இல் ஆண்டாவே எழுதினார். இணையத்தில் அந்தக் கேள்வித்தாளை நிரப்பிவிட்டுப் பயந்துபோகிறவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

சரி, பின்தொடர்ந்தால் காரணம் தெரிந்துவிடுமா? தெரியாது. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பின்னால் படிப்பில் சிறந்தார்கள் என்று பேர் பரவியது. அவர்களில் பலர் ஒரே பல்கலைக்கழக வளாகத்தின் பாலர் பள்ளியில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் தொடக்கத் திறமையையும் கணக்கில் எடுத்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இன்னொரு வம்பு, எது முதல், எது பின் என்பது. ஓயாமல் ஓடும் நான்கு வயதுக் குழந்தை ஒரு மாலைக்குள் எத்தனை "சும்மா இரு!" வாங்குமோ, அத்தனையும் ஆய்வாளரின் தாளில் "கடுமையான வளர்ப்பு" என்று பதிவாகும். கடுமையால் துறுதுறுப்பு வந்ததா, துறுதுறுப்பால் கடுமை வந்ததா? 1970-களின் இறுதியில் ரஸ்ஸல் பார்க்லி இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அதீதத் துறுதுறுப்புள்ள குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததும் அவர்கள் சொன்னதைக் கேட்கத் தொடங்கினார்கள். அம்மாக்களின் அதட்டலும் கட்டளையும் குறைந்தன. அம்மாக்களுக்கு யாரும் எந்தப் பயிற்சியும் தரவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கும் மூன்றாவது வழியில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2009-இல் அனிதா தாப்பர் குழுவினர் செய்தது. கர்ப்ப காலத்தில் புகைபிடித்த அம்மாக்களின் குழந்தைகளுக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும் அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. புகைதான் காரணமா, அம்மாவிடமிருந்து வந்த மரபணுவா? அவர்கள் செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குச் சுமந்த அம்மாவே மரபணு அம்மா. சிலருக்குக் கருமுட்டை வேறொருவருடையது. புகைபிடித்த அம்மாவின் குழந்தை எடை குறைவாகப் பிறப்பது இரண்டு குழுவிலும் இருந்தது, எனவே அது புகையின் வேலை. துறுதுறுப்போடு தொடர்போ மரபணு ஒன்றாக இருந்த இடத்தில்தான் கூடுதலாகத் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் சிகரெட்டைப் பற்றவைக்க வேண்டாம், எடை குறைவே போதுமான கேடு. ஆனால் ஒரே அம்மா, ஒரே பழக்கம், இரண்டு விளைவுகளுக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள்! வெறுமனே பின்தொடர்ந்திருந்தால் இது பிடிபட்டே இருக்காது.

காரணத்தை நேரடியாகப் பிடிக்க சீட்டுக் குலுக்கலைவிடச் சிறந்த வழி இல்லை. ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-களின் தொடக்கத்தில், அரசு காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஊரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அரிது. ஆய்வுக் குழுதான் அதை உருவாக்கியது. நாலரை வயதில் சராசரி நுண்ணறிவு ஈவு: காப்பகத்துக்கென ஒதுக்கப்பட்டவர்களுக்கு 73, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, தொடக்கத்திலிருந்தே சொந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 109. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. கவனக்குறைவும் துறுதுறுப்பும் அசைந்து கொடுக்கவில்லை. குடும்பம் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று இவ்வளவு துல்லியமாக வேறெந்த வழியும் சொல்லியிருக்காது. மீதிப் பாதியைக் காப்பகத்துக்கென ஒதுக்கியது சரியா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை, ஓயவும் கூடாது.

குலுக்கலுக்கும் ஒரு பலவீனம் உண்டு: விடை அந்த இடத்துக்கும் அந்தக் காலத்துக்கும் சொந்தம். நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970-களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய திட்டத்தில், கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செவிலியர்கள் தொடர்ந்து போனார்கள். பதினைந்து வருடம் கழித்தும் அந்த வீடுகளில் குழந்தைக் கொடுமைப் பதிவுகள் கணிசமாகக் குறைவாக இருந்தன. அதே திட்டத்தை இங்கிலாந்தில் சுமார் 1,600 இளம் தாய்மார்களிடம் சோதித்து 2016-இல் முடிவு வந்தபோது, புகைப்பழக்கம், பிறப்பு எடை, இரண்டு வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம், குழந்தையின் மருத்துவமனை வருகை என்று முதன்மையாகப் பார்த்த எதிலும் வித்தியாசம் இல்லை. அங்கே எல்லாத் தாய்க்கும் ஏற்கெனவே இலவச மருத்துவமும் செவிலியர் வருகையும் இருந்தன.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், பெற்றோருக்கான பயிற்சி, உதவித் திட்டம் போன்றவற்றுக்கு நான் குலுக்கலைத் தவிர வேறெதையும் நம்பமாட்டேன், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடந்திருந்தால். ஆனால் அடி, விவாகரத்து, குடிகார அப்பா போன்றவற்றைச் சீட்டுப் போட்டு யாருக்கும் கொடுக்க முடியாது. அந்த விஷயங்களில் உறவு ஒப்பீடும் நீண்ட காலப் பின்தொடர்தலும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டினால் அதை எடுத்துக்கொள்வேன். கேள்வித்தாள் மட்டும் காட்டினால், "தொடர்பு இருக்கிறது" என்ற அளவில் வைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன்.