ரைவிங் நைஃபைக் கழற்றச் சொல்லும் கடையில் டேபிள் சா பிளேடு வாங்காதீர்கள்

வீட்டிலேயே டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுப்பு மிஷின்) வைத்து மரவேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு டூல்ஸ் கடையில் எனக்குப் போலி பிளேடைத் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாற்றிக் கேட்டபோது அவர்கள் சொன்ன யோசனை இருக்கிறதே, அதைக் கேட்டு யாராவது நடந்தால் கையோ கண்ணோ போய்விடும்.

வாங்கியது 10 அங்குல கார்பைடு பிளேடு, 40 பல். எல்லோருக்கும் தெரிந்த கம்பெனியின் டப்பா. பல்லின் அகலம் 2.8 மி.மீ., துளை 25.4 மி.மீ. என்று மேலே அச்சிட்டிருந்தது. "பில் போட்டா விலை ஏறிடும் சார்" என்றார்கள். விடாமல் கேட்டுத்தான் பில் வாங்கினேன். வீட்டில் மாட்டி ஒரு தேக்குச் சட்டத்தை நீளவாக்கில் அறுத்தால், பிளேடைத் தாண்டியதுமே சட்டம் நின்றுவிட்டது. தள்ளினாலும் நகரவில்லை. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புத் தகடான ரைவிங் நைஃபில் போய் முட்டியிருக்கிறது. மிஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெர்னியர் வைத்து அளந்தேன். பல்லின் அகலம் 2.1 தான். என் மிஷினின் ரைவிங் நைஃப் 2.3 தடிமன். எப்படி நுழையும்?

பிளேடைக் கழற்றிப் பார்த்தபோது மீதியும் தெரிந்தது. அசல் துளை 30 மி.மீ.; அதற்குள் ஒரு ரிங்கைச் செருகி 25.4 ஆக்கியிருந்தார்கள். ரிங் இருப்பது தப்பில்லை, நல்ல கம்பெனிகளும் தருகின்றன. ஆனால் அது இறுக்கமாக உட்கார வேண்டும். இது விரல் பட்டாலே ஆடியது. தின்னர் தொட்டுத் துடைத்ததும் கம்பெனிப் பெயர் துணியோடு வந்துவிட்டது. அதிகபட்ச ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு என்று பிளேடில் எங்குமே இல்லை. அது இல்லாத பிளேடை மாட்டவே கூடாது.

கடைக்குப் போன் செய்தேன். பதில் இதுதான்: "அந்தத் தகடு எதுக்கு சார்? கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க. மரக்கடையில யாருமே அதை வைக்கிறதில்லை."

பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும்பி வருகின்றன. அறுபட்ட மரம் உள்ளிருக்கும் இறுக்கத்தால் மூடிக்கொண்டு அந்தப் பற்களைக் கவ்வினால், கட்டையைத் தூக்கி நம் பக்கமே வீசும். கிக்பேக் என்பது இதுதான். 4000 ஆர்.பி.எம்.மில் 10 அங்குல பிளேடின் பல்முனை மணிக்குச் சுமார் 190 கி.மீ. வேகத்தில் போகிறது. அப்படி வீசப்பட்ட கட்டை வயிற்றில் பட்டால் என்ன ஆகும்? மரம் மூடிக்கொள்ளாமல் தடுப்பதற்காகவே அந்தத் தகடு நிற்கிறது. அதன் தடிமன் பிளேடின் உடலைவிட அதிகமாகவும், பல்லின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இதற்குப் பொருந்தாத பிளேடுதான் தப்பு, தகடு அல்ல.

அப்புறம் அந்த பிளேடை சாணை பிடிக்கிற அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் என்னையும் பார்க்கச் சொன்னார். பல்லைப் பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை அளவில் வரிசையாக ஓட்டைகள். "இதுக்கு நான் சாணை பிடிக்க மாட்டேன் தம்பி, கல்லுல பட்டா பல்லு தெறிச்சிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்லிலேயே தெறிக்கும் என்றால், ஓடுகிற மிஷினில்?

நேரில் போனபோது கடைக்காரர் பணம் தர மறுத்து, பதிலுக்கு ஒரு டாடோ செட்டை (அகலமான பள்ளம் வெட்ட, பல பிளேடுகளைச் சேர்த்து மாட்டுவது) நீட்டினார். என் மிஷினில் பிளேடை மாட்டும் தண்டான ஆர்பர் குட்டை. அந்த செட்டைப் போட்டால் நட் முழுதாக ஏறாது. "ரெண்டு மரை பிடிச்சா போதும் சார்" என்கிறார்! சிறிய டேபிள் சா பலவற்றில் டாடோ செட்டுக்கு இடமே கிடையாது. மேனுவலில் அனுமதி இல்லையென்றால் யார் சொன்னாலும் மாட்டாதீர்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருந்தார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில்லே கொடுக்காமல் விற்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகம்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை.

பிளேடு வாங்கப் போகும்போது உங்கள் ரைவிங் நைஃபில் பொறித்திருக்கும் தடிமனைக் குறித்துக்கொண்டு, வெர்னியரையும் எடுத்துப் போங்கள். கவுன்டரிலேயே டப்பாவைப் பிரித்துப் பல், உடல், துளை மூன்றையும் அளந்து பாருங்கள். அளக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, மிஷினில் மாட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள். ஒருமுறை மாட்டிவிட்டால் "யூஸ் பண்ணிட்டீங்க" என்று கைவிரித்துவிடுவார்கள்.