நானா: முடியாத கதையைக் காசு கொடுத்து வாங்கலாமா?

‘நானா’ என்ற ஜப்பானியப் படக்கதையை (மாங்கா) வாங்கப்போகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். முதல் தொகுதியை மட்டும் வாங்காதீர்கள். கதையின் இரண்டு நாயகிகளுக்கும் நானா என்றே பெயர், அதில் அவர்கள் சந்திக்கவே மாட்டார்கள். கொமாட்சு நானாவுக்கு ஒரு முன்கதை, ஒசாகி நானாவுக்கு ஒரு முன்கதை, அவ்வளவுதான். டோக்கியோ போகும் ரயிலில் பனியில் மாட்டிக்கொண்டு இருவரும் பக்கத்து சீட்டில் உட்காருவது இரண்டாம் தொகுதியில்தான். ஒன்றை மட்டும் படித்துவிட்டு "இதுல என்ன இருக்குது" என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

யாஸாவா ஐ என்பவர் எழுதி வரைந்தது. 2000-ல் ஜப்பானில் ‘குக்கி’ என்ற பெண்கள் மாங்கா இதழில் தொடங்கியது. 2009-ல் அவர் நோயில் விழுந்ததும் நின்றுபோனது. 21 தொகுதி வந்திருக்கிறது, முடிவு வரவில்லை. நான் வாங்கியது விஸ் மீடியாவின் ஆங்கிலப் பதிப்பு. ஆன்லைனில் ஆர்டர் போட்டதில் மூன்றாவதுக்குப் பதில் நான்காவது இரண்டு பிரதியாக வந்து சேர்ந்தது, மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தாள் சுமார்தான். கறுப்பு மை நன்றாக இறங்கியிருக்கிறது, இந்தக் கதைக்கு அது முக்கியம்.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அதனால் முதலில் கண்ணில் பட்டது உடைதான். ஒசாகி நானா பங்க் ராக் பாடகி. இங்கிலாந்து டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டின் மோதிரம், கட்டம் போட்ட துணி, தோல் ஜாக்கெட் என்று அவளுக்கு ஒரு உலகம். கொமாட்சு நானாவுக்குப் பூப்போட்ட கவுன், மழலை மாறாத முகம். ஹாச்சிகோ என்ற விசுவாசமான நாயை வைத்து அவளுக்கு ‘ஹாச்சி’ என்று பட்டப்பெயர். லிப்ட் இல்லாத கட்டடத்தின் ஏழாவது மாடி, 707-ஆம் நம்பர் வீடு. வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு இருவரும் குடியேறுகிறார்கள். ஹாச்சி வாங்கிவைக்கும் ஸ்ட்ராபெரி படம் போட்ட கிளாஸ் ஜோடி கதை முழுக்கக் கூடவே வரும்.

சரி, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது என்ன? நட்பா, காதலா? படித்த எல்லோரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஹாஸ்டலில் என் ரூமில் இருக்கும் அக்கா தாராபுரத்துப் பக்கம், கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். இங்கிலீஷ் வராது, படத்தைப் பார்த்தே புரட்டினார். அதுவும் நம் வழக்கப்படி இடமிருந்து வலமாக. இந்தப் பதிப்பு ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகப் போகும் என்று சொன்ன பிறகும், "பொம்மை பாக்கறதுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னங்கண்ணு" என்றார். எட்டாவது தொகுதி வரை பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இந்தப் பாட்டுப் பாடற புள்ளைக்கு அவ மேல கிறுக்கு. அது அவளுக்கே தெரியாத மாதிரி வெச்சிருக்காங்க."

வசனம் படித்த எனக்கும் அதுதான் தோன்றியது. ஒசாகி நானாவுக்கு ரென் என்று காதலன் இருக்கிறான், ரென் என்றால் தாமரை, அவன் பெயருக்காகவே கையில் தாமரை பச்சை குத்தியிருக்கிறாள். அந்தக் காதலை ஆசிரியர் குறைத்துக் காட்டவில்லை. ஆனால் ஹாச்சிக்கு அவள் முத்தம் கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. விளையாட்டு மாதிரித்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. தன் பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்கும் நோபுவோடு ஹாச்சி சேர வேண்டும் என்று நானா ஆசைப்படுகிறாள். நோபுவின் நல்லதுக்காக மட்டும் அல்ல. அவனோடு சேர்ந்தால் ஹாச்சி தன்னை விட்டுத் தூரமாகப் போகமாட்டாள் என்ற கணக்கு. முத்தத்தை விளையாட்டு என்று தள்ளிவிடலாம், இந்தக் கணக்கை எப்படித் தள்ளுவது?

கதை சொல்லும் விதமும் அப்படியே. அத்தியாயங்களில் பின்னாளைய ஹாச்சியின் குரல், "நானா..." என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வருகிறது. எதிரில் இல்லாத ஒருத்தியிடம் பேசும் குரல் அது. கல்யாணம் கட்டியவனைப் பார்த்துக்கூட அவள் இப்படிப் பேசுவதில்லை.

ஆசிரியர் என்ன நினைத்து எழுதினாரோ அதுதான் பதில் என்று சிலர் சொல்கிறார்கள். சில இடத்தில் அது சரி. ‘சைலர் மூன்’ என்ற இன்னொரு மாங்காவில் ஹருகா, மிச்சிரு என்ற இரண்டு பெண்களும் காதலர்கள், அதை எழுதிய டக்கேயுச்சி நவோகோவும் அப்படியே சொன்னார். அதன் கார்ட்டூனின் ஆங்கில டப்பிங்கில் அவர்களை உறவுக்காரப் பெண்களாக மாற்றினார்கள், அது பொய் என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. இங்கே நிலைமை வேறு. தொகுதிகளின் பின்பக்கம் ‘ஜுன்கோ கடை’ என்று கூடுதல் பக்கங்கள் வரும், பாத்திரங்களே வந்து உட்கார்ந்து கதையைக் கிண்டல் அடிப்பார்கள். ஆசிரியரின் மனசைத் தேடி அங்கே போனால் சிரிப்புதான் கிடைக்கும்.

இதற்கு ஒரு பழைய வழக்கமும் பின்னால் இருக்கிறது. யோஷியா நொபுகோ என்ற ஜப்பானியப் பெண் எழுத்தாளர் 1916 முதல் எழுதிய ‘ஹானா மோனோகாதாரி’ கதைகளில் பள்ளிக்கூடப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருப்பார்கள். பெரும்பாலும் பிரிவில் முடியும். அந்த வகைக் கதைகளில் கல்யாணம் வந்தால் சிநேகத்துக்குக் கதவு சாத்தியாச்சு. ஆனால் யோஷியா தன் வாழ்க்கையை மொன்மா சியோ என்ற பெண்ணோடுதான் கழித்தார். சட்டப்படி குடும்பமாக இருக்க வழி இல்லாததால் 1957-ல் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கதைகளை வெறும் பள்ளிக்கூட நட்பு என்று என்னால் படிக்க முடியவில்லை.

யாஸாவா அந்த வழக்கத்தின் மேல்தான் நிற்கிறார், ஆனால் கதவைச் சாத்தவில்லை. ஹாச்சி கர்ப்பமாகி 707-ஐ விட்டுப் போனதோடு கதை முடிந்திருக்கலாம். அதற்கப்புறம்தான் சூடு பிடிக்கிறது. எங்கள் ஹாஸ்டலில் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போன எத்தனை பேர் போன் நம்பர் மாற்றினார்கள் என்று கேட்டால் நீங்களே சொல்வீர்கள். அதற்கு மேலும் என்ன நடக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. இவர் எழுதியிருக்கிறார். இந்த உறவுக்குப் பெயர் வைக்காமல் விட்டது பயத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. நானாவுக்கே தெரியாத ஒன்றை ஆசிரியர் மட்டும் வெளியில் நின்று சொன்னால் அவள் பொய்யாகிப்போவாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஹாச்சியைக் கல்யாணம் கட்டும் டகுமி வரும் பக்கங்களில் கோபத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன், அவனுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க வேண்டாம். பாட்டுக் குழு, பத்திரிகைக்காரர்கள், கம்பெனி ஒப்பந்தம் என்று நடுவில் சில தொகுதிகள் இழுக்கும். போதைப் பழக்கமும் படுக்கையறை விஷயங்களும் வருவதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். முழுசாக வாங்கக் காசு இல்லாதவர்கள் 2006-ல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ எடுத்த அனிமேவை (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) பார்க்கலாம், பாட்டுக்காகவே பார்க்கலாம்.

முடிவு இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம் என்பது என் கருத்து. அக்காவும் "முடியாட்டி என்னங்கண்ணு, அடுத்ததைக் கொண்டா" என்றுதான் கேட்டார். ஒன்றும் இரண்டும் சேர்த்து வாங்குங்கள். பிடித்துப் போனால் ஏழாவது தொகுதியைத் தொடங்குவதற்கு முன்னாலேயே எட்டாவதையும் ஆர்டர் போட்டுவிடுங்கள். ஏழாவதை முடித்துவிட்டு பார்சலுக்காகக் காத்திருந்தால் தூக்கம் வராது.