சேப்பாக்கம் போகலாமா: ஐபிஎல்லா, டெஸ்டா?

2025 சீசனில் சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். அதுவும் ஆன்லைன் வரிசையில் தவம் கிடந்து கிடைத்தால். பிளாக்கில் வாங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். போதாக்குறைக்கு, அந்தச் செப்டம்பரில் ஐபிஎல் டிக்கெட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. நாலு பேர் குடும்பமாகப் போனால் மாத மளிகைக் காசு ஒரே ராத்திரியில் காலி.

பதிலுக்குக் கிடைப்பது சத்தம். தோனி படியிறங்கும்போது பக்கத்து சீட்காரர் கத்துவதுகூடக் காதில் விழாது. டிவியில் அது வரவே வராது. பந்து காற்றில் வளைந்து ஸ்விங் ஆனதா என்பதோ டிவியில்தான் தெரியும்!

டெஸ்ட் வேறு கணக்கு. 2024 செப்டம்பர் வங்கதேச டெஸ்டில் ஒரு நாள் டிக்கெட் 1,000 ரூபாயில் தொடங்கியது. முதல் நாள் இந்தியா 144 ரன்னுக்கு 6 விக்கெட். அதன்பின் அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து ஆட்டத்தையே திருப்பிப்போட்டார்கள்; சாயங்காலத்துக்குள் அஸ்வின் சொந்த ஊரில் சதம். ஆறு மணி நேர ஆட்டம், அந்த விலைக்கு! வெயிலும் ஆபீஸ் லீவும்தான் தொல்லை.

ஐபிஎல்லுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும் என்பேன். டெஸ்ட் சென்னைக்கு அபூர்வமாகத்தான் வருகிறது, வந்தால் விடாதீர்கள். ஐந்தாம் நாள் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம். அந்த வங்கதேச டெஸ்ட் நான்காம் நாளே முடிந்துவிட்டது.