பாதரச ரெக்டிஃபையர் மும்பையிலிருந்து சென்னைக்கு: லாரியா, ரயிலா, காரா, டெம்போவா?

மும்பையில் பழைய தியேட்டர் ஒன்றைக் காலி செய்யும்போது, ப்ரொஜெக்டர் அறையிலிருந்து சில நேரம் ஆளுயர இரும்பு கேபினட் ஒன்று வெளியே வரும். ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி, ப்ரொஜெக்டரின் கார்பன் ஆர்க் விளக்குக்குக் கொடுத்த பாதரச ரெக்டிஃபையர். உள்ளே ஒரு கண்ணாடி பல்பு: மேலே பெரிய குடம், பக்கங்களில் வளைந்த கைகள், அடியில் பாதரசம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்கும் சேகரிப்பாளர் இதை ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால், முதலில் எந்த வண்டி என்றுதான் யோசிப்பார். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பல்பு கேபினட்டுக்குள்ளேயே போகிறதா, தனியாகப் போகிறதா?

கேபினட்டோடா, கழற்றியா?

கேபினட்டோடு அனுப்பினால் வேலை மிச்சம், பல்புதான் மிஞ்சாது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். 100 மில்லி என்றால் 1.36 கிலோ. பல்புக்குள் காற்றே கிடையாது என்பதால் அது குலுங்கும்போது தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் சுத்தியல் மாதிரி கண்ணாடியில் அறையும். முதலில் விரிசல் விடுவது கைகள் குடத்தோடு சேரும் இடம், அல்லது கம்பி கண்ணாடிக்குள் நுழையும் சீல். அதே கேபினட்டில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரும் சோக் என்ற கனமான கம்பிச்சுருளும் வேறு இரும்புச் சட்டத்தையே ஆட்டும்.

ஆகவே கழற்றுங்கள். மெயின் இணைப்பைத் துண்டித்து, கண்டன்சர்களை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, ஒவ்வொரு வயருக்கும் எண் ஒட்டிப் படம் எடுத்த பிறகே பல்பைத் தொட வேண்டும். எண்ணெய் கசியும் பழைய கண்டன்சர் இருந்தால் அதில் பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, கையுறையோடு எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். மோதிரம், செயின், வளையல் எல்லாம் வேலைக்கு முன் கழற்றியாக வேண்டும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும்.

பல்பை மெல்லச் சாய்க்கும்போது 'டிக்' என்று உலோகச் சத்தம் கேட்டால் வெற்றிடம் நன்றாக இருக்கிறது. சத்தம் மழுங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கலாம். அப்படியானால் விலை பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

நிமிர்த்தியா, தலைகீழாகவா?

பல்பிலோ பெட்டியிலோ தயாரிப்பாளரின் குறிப்பு இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் தலைகீழ்தான் நல்லது. கவிழ்த்ததும் பாதரசம் அகலமான குடத்தில் தங்கும். அங்கே கையும் கிடையாது, சீலும் கிடையாது. கவிழ்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குடத்தை ஏந்த, மற்றவர் அடியைப் பிடிக்க, பல்பின் இரண்டு கைகளுக்கு நடுவிலான சுவர் வழியாகப் பாதரசம் மெதுவாக வழிந்து இறங்க வேண்டும். அவசரப்பட்டால் அந்த இடத்திலேயே உடையும்.

12 மி.மீ. ப்ளைவுட் பெட்டி, அடியில் 10 செ.மீ. ஃபோம், அதன்மேல் கெட்டித் துணியில் சுற்றிய ஒரு பெரிய சும்மாடு. தலையில் குடம் உட்காருவதைப் போலவே பல்பு அதில் உட்காரும். நாலு பக்கமும் பருத்தி நாடாவால் சாயாமல் கட்டுங்கள். பல்பின் கைகள் எதையும் தொடக்கூடாது, சுற்றிலும் 10 செ.மீ. இடைவெளி வேண்டும். கைகளுக்கு பபிள் ரேப் சுற்றுவது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு; இறுக்கமே கையை முறித்துவிடும். தெர்மோகோல் மணிகளும் வேண்டாம். பல்பு உடைந்தால் பாதரச மணிகளை அதிலிருந்து பிரிக்கவே முடியாது. ஃபோமுக்கும் சும்மாட்டுக்கும் கீழே தொடங்கி எல்லாவற்றையும் உள்ளடக்கும்படி இரட்டைத் தடிமன் பாலிதீன் பை வைத்து, வாயை மேலே கட்டுங்கள். அலுமினியப் பெட்டி அறவே கூடாது, பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும்.

வண்டிகள்

விமானத்தை ஒரே வரியில் தள்ளிவிடலாம். விமானத்தின் உடலே பெரும்பாலும் அலுமினியம் என்பதால் பாதரசப் பொருளுக்குத் தனி அறிவிப்பும் தனி பேக்கிங்கும் கேட்பார்கள். பயணப் பையில் கொண்டுபோக அனுமதியே இல்லை.

ரயிலில் சீட்டுக்கு அடியில் வைத்துப் போகலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி அபாயகரமான பொருளை எழுத்துமூலம் அறிவித்து, பொதியின்மேல் குறித்தாக வேண்டும். மீறினால் 164ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. பார்சல் ஆபீஸ் வழியாக முறைப்படி அனுப்பினாலும், 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட பெட்டியைக்கூடப் புரட்டிப் போடும் கைகள் பல உண்டு.

பேக்கர்ஸ் லாரி கேபினட்டுக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் சரி, பல்புக்குச் சரியில்லை. வழியில் வேறு சரக்கோடு சேர்த்து மாற்றி ஏற்றுவார்கள், கூட யாரும் போக முடியாது.

கார் மிருதுவாக ஓடும். ஆனால் உடைந்தால் நீங்கள் மூச்சுவிடும் காற்றிலேயே ஆவி கலக்கும். 20 டிகிரியில் இருக்கும் ஆவியைவிட 40 டிகிரியில் நான்கு மடங்குக்கு மேல் இருக்கும். மே மாதம் வெயிலில் மூடி நிறுத்திய காரை நினைத்துப் பாருங்கள்.

மிஞ்சுவது மூடிய பாடி உள்ள சின்ன டெம்போ. ஓட்டுநர் கேபின் தனி என்பதே பெரிய பாதுகாப்பு. காலி டெம்போ பட்டை ஸ்பிரிங்கில் குதிக்கும், அதனால் 200, 300 கிலோ பாரம் தேவை. ட்ரான்ஸ்ஃபார்மரையும் சோக்கையும் அதற்கே பயன்படுத்துங்கள். முன்பக்கம் வைத்துத் தனியாகக் கட்டுங்கள். பல்புப் பெட்டி பின் ஆக்ஸிலுக்கு முன்னால், தடித்த மெத்தைமேல் இருக்கட்டும். ஆக்ஸிலைத் தாண்டிப் பின்னே போகப் போக ஆட்டம் கூடும். என்ன ஏற்றியிருக்கிறது என்பதை ஓட்டுநரிடம் எழுத்தில் கொடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளும் அனுப்புபவரிடம் இதைத்தான் கேட்கின்றன. புனே, கோலாப்பூர், ஹுப்பள்ளி, பெங்களூரு வழியாக 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மழைக்காலத்தில் பள்ளங்கள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும், தள்ளிப்போட முடிந்தால், சென்னைப் பக்கத்து மழையும் ஓய்ந்த ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

கூடவே ஒரு பையில் நைட்ரில் கையுறை, டார்ச், கெட்டி அட்டை, டிராப்பர், கந்தகப் பொடி, அகல வாயும் மூடியும் உள்ள பிளாஸ்டிக் ஜாடி. உடைந்தால் கதவைத் திறந்து ஆட்களை விலக்கி, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து மணிகளைத் தேடுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் மணிகளைச் சிதறடித்து ஆவியைப் பரப்பும். சேர்த்ததைக் குப்பையில் போடாமல், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

சென்னை வந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். பொறுங்கள். பல்பை மெதுவாக நிமிர்த்தி ஒரு நாள் விடுங்கள். கைகளுக்குள் ஒட்டிய பாதரசத் துளி ஆனோடில் (கைக்குள் இருக்கும் மின்முனையில்) இருக்கும்போதே மின்சாரம் கொடுத்தால், ஆர்க் எதிர்த்திசையில் பாய்ந்து ஃபியூஸையோ பல்பையோ கொண்டுபோகும். கையை வெளியிலிருந்து விரலால் மெல்லத் தட்டி, எல்லாத் துளியும் அடிக்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு, முதலில் குறைந்த லோடில் ஓட்டுங்கள்.