தோல் பறையா, ஃபைபர் பறையா? களத்துக்குப் போகும் கலைக்குழுக்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஏரி ஆக்கிரமிப்போ, சாதிக் கொடுமையோ, ஆற்றில் கலக்கும் ஆலைக்கழிவோ, எதைப் பேச வீதிக்கு வந்தாலும் கலைக்குழுக்கள் முதலில் கையில் எடுப்பது பறையை. மைக் செட்டுக்கு அனுமதி கிடைக்காத தெருமுனையிலும், மின்சாரம் இழுக்க வழியில்லாத கடற்கரையிலும் ஆளைக் கூட்டிவிடும் கருவி இது. புதிதாகக் குழு தொடங்குகிறவர்களுக்கு இப்போது இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, மரச்சட்டத்தில் மாட்டுத்தோல் ஒட்டிய பழைய பறை. இன்னொன்று, வளையத்தில் பிளாஸ்டிக் தாளை போல்ட் போட்டு இறுக்கிய, எல்லோரும் ‘ஃபைபர்’ என்றே சொல்லும் பறை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: களத்துக்குத் தோல்தான். ஆனால் ஃபைபர் ஒன்றுகூட இல்லாமல் மழைக்காலத்தில் ஊர் ஊராகப் போகக் கூடாது.

தோல் பறையை வாங்கும்போது எல்லோரும் தோலைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தை. சுமார் 35 செ.மீ. விட்டமுள்ள அந்த வட்டம் ஒரே மரத்துண்டு அல்ல. வளைவாகச் செதுக்கிய மூன்று துண்டுகளைச் சேர்த்து, உள்பக்கம் மூன்று இரும்புத் தகடுகளை அறைந்து இணைத்தது. வேப்பமரம்தான் விரும்பப்படுவது, பூச்சி எளிதில் அரிக்காது. பறையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து அந்த மூன்று பொருத்துகளையும் பாருங்கள். நகம் நுழையும் இடைவெளி இருந்தால் வேண்டாம். ஓசை ஏற, அடிக்கும் முன் பறையை நெருப்பில் காட்டிக் காய்ச்சுவார்கள். அப்போது மரம் சூடேறும், தோல் சுருங்கி உள்நோக்கி இழுக்கும். பச்சை மரத்தில் செய்த சட்டமாக இருந்தால் சில மாதங்களிலேயே அந்தப் பொருத்து விரிந்து, அடிக்கும்போது ‘கிர்ர்’ என்று ஒரு அதிர்வு கூடவே வரும். தகட்டின் ஆணியை மறுபடி அறைந்தால் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். மரம் காய்ந்ததா என்று கேளுங்கள். செய்கிறவர் நேரில் இருந்தால் மறைக்காமல் சொல்வார்.

தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஈரமாக இருக்கும்போதே புளியங்கொட்டைப் பசையால் சட்டத்தில் ஒட்டி இழுத்துக் கட்டிக் காயவிடுவார்கள். நல்ல தோலை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஒரே சீராக வெளிச்சம் தெரியும். ஒரு பக்கம் இருண்டும் ஒரு பக்கம் கண்ணாடிபோலவும் தெரிந்தால் தடிமன் சமமில்லை. காய்ச்சும்போது மெல்லிய பக்கம் முந்திக்கொண்டு இறுகும், கிழிசல் அங்கேதான் தொடங்கும். உரிக்கும்போது கத்தி பட்ட கோடு நடுவில் இருந்தால் அந்தப் பறையை விட்டுவிடுங்கள். ஓரத்தில் இருந்தாலும் யோசிக்க வேண்டியதுதான்.

சூழலுக்காகப் பாடும் குழுக்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: தோல் பதனிடும் தொழிலால் பாலாறு கெட்டுப்போனதைப் பேசுகிற நாமே தோல் கருவியை வைத்திருக்கலாமா? 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் ஆலைக் கழிவு வழக்கில் தந்த தீர்ப்பைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. செருப்புக்கும் பைக்கும் போகும் தோலில் பெரும்பகுதி குரோமியம் உப்பில் பதனிடப்படுவது. பறைத்தோல் அப்படிப் பதனிடப்படுவதே இல்லை. அது சுண்ணாம்பு கண்ட பச்சைத்தோல். அதனால்தான் சூட்டுக்கு இறுகி ஈரத்துக்குத் தளர்கிறது. குரோமியம் ஏற்றிய மெத்தென்ற தோலை ஒட்டினால் சத்தமே வராது. கிழிந்த பறைத்தோல் மண்ணோடு மண்ணாகிவிடும். கிழிந்த பிளாஸ்டிக் தாள் குப்பைமேட்டில் கிடக்கும்.

இதைவிடக் கனமான விஷயம் இன்னொன்று உண்டு. மாட்டுத்தோலைத் தொடத் தயங்குகிறவர்களுக்கு வசதி என்று சொல்லியே சிலர் ஃபைபரைப் பரிந்துரைக்கிறார்கள். பறையைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கியதும், அடித்தவர்களைத் தள்ளி வைத்ததும் எந்தத் தீட்டின் பெயரால் நடந்ததோ, அதே தீட்டுக்குத்தான் இந்த வசதி இடம் கொடுக்கிறது. அந்தக் காரணத்துக்காக யாரும் ஃபைபர் வாங்க வேண்டாம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் 1990 முதல் தோளில் மாட்டி ஆடி, பெண்கள் பறை தொடக் கூடாது என்ற பேச்சை அடித்து உடைத்தார்கள். பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அடிக்கிறவருக்கு மரியாதை வரத் தொடங்கிய இந்த நேரத்தில், சட்டம் செதுக்கி, தோல் ஊறவைத்து, பசை காய்ச்சும் கைகளுக்கும் வேலை தொடர வேண்டும். முடிந்தவரை செய்கிறவரிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

தோல் பறையின் பெரிய தொல்லை காய்ச்சுவது. இதைச் சரியாகக் கற்றுக்கொள்ளாத குழு நல்ல பறையைக்கூட ஒரே நாளில் பாழாக்கிவிடும். வைக்கோல், காய்ந்த தென்னை ஓலை, பழைய செய்தித்தாள் போதும். சுவாலை சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்க வேண்டும். விறகு போட்டால் சூடு நின்று தாக்கும். பிளாஸ்டிக்கையும் டயர்த் துண்டையும் கிட்டேயே கொண்டுவராதீர்கள். புகைக்கரி தோலில் ஒட்டும், சுற்றி நிற்கும் குழந்தைகள் மூச்சுத் திணறுவார்கள், காற்றைப் பற்றிப் பாட வந்த இடத்தில் காற்றைக் கெடுத்ததாகவும் ஆகும். தோல் முகத்தை நெருப்பைப் பார்த்துச் சாய்த்து, சுவாலை நுனி தொடாத தூரத்தில், கையை நிறுத்தாமல் வட்டமாகச் சுழற்ற வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். ஆரம்பத்தில் ‘தொப்’ என்று இருக்கும். ஓசை திறந்து, ‘டங்’ என்று கணீரென வரும்போது நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காட்டுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் ஓரத்தில் பசை விடும், தோல் நடுவில் பழுப்பேறி மொறமொறக்கும். உள்ளங்கையை வைத்தால் சூடு பொறுக்கும் அளவில் இருக்க வேண்டும். கை வைக்க முடியவில்லை என்றால் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

ஒரே நெருப்பில் எல்லாப் பறையையும் ஒரே நேரத்தில் காய்ச்சி முடித்துவிட்டு, தலைவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் எல்லாம் ஒன்றாக இறங்கிவிடும். வறண்ட மதிய வெயிலில் ஏற்றிய சுருதி நெடுநேரம் நிற்கும். கடற்கரையில் மாலை ஆறு மணிக்கு உப்புக்காற்று வீசத் தொடங்கினால் இரண்டு பாட்டுக்குள் தளர்ந்துவிடும். எண்ணூர், ஊரூர் குப்பம் போன்ற இடங்களில் நிகழ்ச்சி என்றால் மேடைக்குப் பக்கவாட்டில், சனம் நடந்துபோகும் வழியில் இல்லாத இடத்தில், காற்று மறைவாக ஒரு சின்ன நெருப்பைக் கடைசிவரை வைத்திருங்கள். ஒரு ஆளும் ஒரு வாளித் தண்ணீரும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டிரண்டு பறையாக மாற்றி மாற்றிக் காய்ச்சினால் அடி நிற்காது. காய்ச்சுவதையும் நிகழ்ச்சியின் பகுதியாக்கத் தெரிந்த குழுக்கள் உண்டு: நெருப்பைச் சுற்றிச் சனம் சேரும், அங்கேயே ஒருவர் அந்த ஊர்ப் பிரச்சினையைப் பேச ஆரம்பித்துவிடுவார். ஃபைபரில் இந்தப் பத்து நிமிடம் கிடையாது.

ஃபைபர் கைகொடுப்பது எங்கே? முதலாவது, மழை. தூறலில் தோல் பறை ஈரத் துணிபோல ஆகிவிடும். ஃபைபரைத் துடைத்துவிட்டு அடிக்கலாம். அடுத்து, நெருப்பு மூட்ட விடாத அரங்கங்கள், கல்லூரிக் கூடங்கள். மூன்றாவது, மின்கருவிகளோடு சேர்ந்து வாசிப்பது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் கிட்டாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி சாதி ஒழிப்பைப் பாடியபின், அப்படி ஒரு குழு வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். ஏசி அரங்கில் ஒரு மணி நேரத்தில் தோலின் ஓசை முன்னே பின்னே நகரும். ஃபைபர் வைத்த இடத்தில் நிற்கும். பயிற்சி வகுப்புக்கும் அதுவே நல்லது. இருபது பேர் அடி கற்கும் இடத்தில் இருபது தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது.

குறைகளும் கம்மியில்லை. முதல் குறை ஓசைதான். மேல் ஓசை கூர்மையாக வரும், அடியோசை குறைவு, அடித்தபின் ஒரு ரீங்காரம் மிச்சம் நிற்கும். வேகமான உருட்டலில் அந்த ரீங்காரம் ஒன்றோடொன்று கலந்து அடி தெளிவில்லாமல் போகும். உள்பக்கம் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, தீப்பெட்டி அளவுக்குத் துணி டேப் ஒட்டினால் பாதி அடங்கும். பெரிதாக ஒட்டினால் உயிரே போய்விடும். அடுத்தது போல்ட். பறை இடுப்புக்கும் கைக்கும் நடுவே அணைந்து நிற்கும் கருவி. வளையத்துக்கு வெளியே துருத்தும் போல்ட் தலைகள் ஆடும்போது ஓயாமல் உரசி, நிகழ்ச்சி முடியும்போது முன்கையில் வரிசையாகச் சிவந்த தடம் விழுந்திருக்கும். உடலில் படும் பக்கத்துக்கு மட்டும் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றிக் கட்டுங்கள். வாங்கும்போதே போல்ட் தலை உள்ளடங்கிய வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள்.

போல்ட்டைச் சுற்றிச்சுற்றி வரிசையாக இறுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் சுருக்கம் விழும். ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரில் உள்ளதை, ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும். பின் ஓரத்தில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே ஓசை வரும்வரை சரிசெய்ய வேண்டும். அதிர்வில் நட்டு தளரும். ஸ்பிரிங் வாஷர் போட்டிருந்தால் மெதுவாகத் தளரும். ஸ்பேனரை ஒருவர் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

குச்சியைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதே இல்லை. சிண்டுக்குச்சி மூங்கிலில் சீவிய மெல்லிய தட்டைக்குச்சி, சுமார் 28 செ.மீ.; அடிக்குச்சி தடித்தது, சுமார் 18 செ.மீ. மூங்கிலின் கணு நடுவில் வந்தால் அங்கேயே ஒடியும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்யாவிட்டால் தோலில் கீறல் விழும், பிளாஸ்டிக் தாளில் வெள்ளை வெள்ளையாகப் பள்ளம் விழும். ஆளுக்கு மூன்று சிண்டு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

மைக் கிடைத்தால் தோல் பறைக்கு முன்னால் வைப்பதைவிடத் திறந்த பின்பக்கம் ஒரு முழ தூரத்தில் வைத்தால் அடியோசை நன்றாக விழும். ஆடுகிற குழுவுக்கு இது சரிவராது. ஆட்டம் நடக்கும் இடத்துக்கு முன்னால் தரையோடு இரண்டு மைக் போதும். மைக் இல்லை என்பதற்காக இரவு பத்து மணிக்கு மேல் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒலி மாசு விதிகள் இசைக்கருவிகளையும் சேர்த்தே இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் தடுக்கின்றன. போராட்டத்தைக் கலைக்க நினைப்பவர்களுக்கு அந்தக் காரணத்தை நாமே கொடுக்க வேண்டாம்.

பராமரிப்பில் தோலுக்குப் பெரிய எதிரி பிளாஸ்டிக் உறை. நிகழ்ச்சி முடிந்ததும் வியர்வை ஈரத்தோடு அதில் போட்டு மூடினால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, எலி எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். கோடையில் பூட்டிய காருக்குள் விட்டுப் போனால் ஆள் இல்லாமலே காய்ச்சியதுபோல இறுகி, பசை பிரிந்துவிடும். வேனில் பறையின் மேல் பேனர் கம்பிகளைப் போடாதீர்கள்.

ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஐந்து தோல், இரண்டு ஃபைபர் என்று கணக்கு வைத்தால் எந்தப் பருவத்திலும் நிகழ்ச்சி நிற்காது. கையில் பணம் குறைவென்றால் மூன்று தோலில் தொடங்குங்கள். அடிப்பவர்களில் இருவராவது தோல் மாற்றி ஒட்டுவதைச் செய்கிறவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டிய தோல் சீராகக் காயாது. அந்த வேலையைத் தை பிறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.