"தெரபி, கார்டு, ஸ்கூல் எல்லாம் ஒரே இடத்துல முடிச்சுத் தர்றோம்"னா நம்பாதீங்க – ₹42,500 போச்சு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஸ்பெஷல் குழந்தை இருக்கிற அப்பா அம்மா எல்லாரும் இதை முழுசா படிச்சிடுங்க. கோபத்துல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. புகார் குடுக்கப் போறதால சென்டர் பேரைப் போடல. டவுன்ல மாடியில நடக்குற ரகம். தெரபியும் உண்டு, கவர்மென்ட் ஆபீஸ்ல முடிக்க வேண்டிய கார்டு, சர்டிபிகேட் வேலையும் நாங்களே பார்த்துக்குறோம்னு போர்டு. கடைசியில என்னென்ன செக் பண்ணணும்னு வரிசையா தர்றேன்.

முதல்ல கணக்கு. அசெஸ்மென்ட் 6,500. யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) "எக்ஸ்பிரஸ்" 5,000. மூணு மாச தெரபி பேக்கேஜ், 36 செஷன், ஒண்ணு 750 வீதம் 27,000. ஸ்கூல் அட்மிஷன் சப்போர்ட் 4,000. மொத்தம் 42,500. கைக்கு வந்தது 11 செஷன், ரெண்டு பக்க ரிப்போர்ட், லெட்டர்பேடுல ஒரு கடுதாசி. கார்டு வரல.

ஏன் குடுத்தோம்னு கேட்பீங்க. என் பையனுக்கு ஆட்டிசம். பணம் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி சென்டர்ல எங்களைப் பார்த்த அம்மா நாற்காலியை விட்டு இறங்கி தரையில உட்கார்ந்தாங்க. பையன் மூஞ்சியைப் பார்க்கல, பேர் கேட்கல. அவன் தண்ணி பாட்டில் மூடியைச் சுத்திவிட்டுக்கிட்டு இருந்தான். அவங்களும் ஒரு மூடியை எடுத்துப் பக்கத்துல சுத்தினாங்க. ரெண்டு நிமிஷம். அப்புறம் அவனே தன்னோட மூடியை எடுத்து அவங்க கையில வச்சான். அஞ்சு வயசு வரைக்கும் வெளியாள் கையில எதையும் வைக்காத பிள்ளை. இப்பவும் சொல்றேன், அந்தம்மாவுக்கு வேலை தெரியும். ஆனா 11 செஷன்ல ஒரு நாள்கூட அவங்க உள்ள வரல. அவங்க வேலை அட்மிஷன் பிடிக்கிறது மட்டும்தான்னு ரொம்ப லேட்டா புரிஞ்சுது.

"அக்கா, நீங்க இனிமே எங்கயும் அலைய வேணாம். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் எங்க ஆள் இருக்கார்"னாங்க. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு பஸ்ல சேலம், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரின்னு போய் வந்தவங்களுக்குத் தெரியும் அந்த "அலைய வேணாம்" எவ்வளவு பெரிய வார்த்தைன்னு. அதுக்குத்தான் 42,500. ஜிபே பண்ணச் சொன்ன நம்பர் ஒரு தனி ஆள் பேர்ல இருந்துச்சு. கேட்டதுக்கு "கம்பெனி அக்கவுன்ட்ல லிமிட் முடிஞ்சுபோச்சுக்கா"ன்னாங்க. ரசீதுன்னு குடுத்தது கோடு போட்ட நோட்டுத்தாள். தொகை இருக்கு, சீல் இல்ல, எதுக்குன்னு எழுதல.

இப்போ ஒவ்வொண்ணா வர்றேன்.

அசெஸ்மென்ட். ஒழுங்கா பண்ணினா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பிள்ளையோட உட்காரணும், நம்மகிட்ட தனியா கேள்வி கேட்கணும். ஆட்டிசம்னா அதை அளக்குற ஐ.எஸ்.ஏ.ஏ.ங்கிற ஸ்கேல்ல 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1-லேருந்து 5 மார்க், 70-ஐத் தொட்டாதான் ஆட்டிசம் கணக்கு. அறிவுசார் குறைபாடுன்னா ஐ.க்யூ. டெஸ்ட், கூடவே சமூக முதிர்ச்சியை அளக்க வி.எஸ்.எம்.எஸ்.னு ஒரு டெஸ்ட். எந்த டெஸ்ட், எத்தனை மார்க், பண்ணினவர் பேர், பதிவு எண், சீல் எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கணும். இங்க 15 நிமிஷத்துல முடிச்சாங்க. ரிப்போர்ட்ல "மைல்டு டு மாடரேட்"னு ஒரு வரி, டெஸ்ட் பேரே கிடையாது. ரெண்டாம் பக்கத்துல பையன் பொண்ணாயிட்டான். வேற ஒரு குழந்தையோட ரிப்போர்ட்ல பேரை மட்டும் மாத்தியிருக்காங்க, மத்ததை மாத்த மறந்துட்டாங்க. இதுக்கு 6,500. அதைவிடக் கொடுமை, ஊனச் சான்றிதழுக்கு பிரைவேட் ரிப்போர்ட் செல்லாது. அரசு மருத்துவமனை டாக்டர்தான் சர்டிபிகேட் தரணும், டெஸ்ட்டும் அங்கேயே காசில்லாம பண்றாங்க.

கார்டு. இதை நல்லா கவனிங்க, பூட்டே இங்கதான் போடுறாங்க. யு.டி.ஐ.டி.க்கு ஆன்லைன்ல போட ஒரு பைசா கட்டணம் இல்ல. பிள்ளையோட ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, ஒரு மொபைல் நம்பர் போதும். சப்மிட் பண்ணினதும் பதிவு எண் வரும், அதோட நம்ம மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போகணும், டாக்டர் பார்த்து குறைபாடு எத்தனை சதவீதம்னு போட்ட பிறகுதான் கார்டு. "எக்ஸ்பிரஸ்"னு ஒரு வழியே கிடையாது. இவங்க என்ன பண்ணாங்கன்னா, மொபைல் நம்பர் கட்டத்துல அவங்க நம்பரைப் போட்டுட்டாங்க. ஓ.டி.பி. அவங்களுக்குப் போகுது, மெசேஜ் அவங்களுக்குப் போகுது. ஆதார்ல இன்ஷியல் பின்னாடி, இவங்க முன்னாடி போட்டதால விண்ணப்பம் திரும்பி வந்திருக்கு, அதுகூட நமக்குத் தெரியல. நாமளே புதுசா போட்டா "ஏற்கெனவே பதிவு உள்ளது"ன்னு காட்டுது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல எழுதிக் குடுத்து நம்பரை மாத்துறதுக்கே நாலு தடவை நடை. அலைய வேணாம்னு 5,000 குடுத்து வாங்கின அலைச்சல்.

"கார்டு வந்த அடுத்த மாசமே 2,000 விழும்"னு வேற சொன்னாங்க. மாசம் 2,000 பராமரிப்பு உதவித்தொகை உண்மைதான், 2023 ஜனவரியிலேருந்து அந்தத் தொகை. ஆனா கார்டு இருக்கிற எல்லாருக்கும் கிடையாது. அறிவுசார் குறைபாடு 40 சதவீதம், கடுமையா பாதிக்கப்பட்டவங்கன்னா 75 சதவீதம்னு வரையறை இருக்கு. சதவீதம் போடுறது டாக்டர், மாடியில இருக்கிற சென்டர் இல்ல.

தெரபி. பேசினது 45 நிமிஷம், நடந்தது 25. 11 செஷன்ல நாலு பேர் மாறினாங்க. கதவுக்கு வெளியே பெற்றோர் உட்காரக் கூடாதுன்னு ரூல். ஒரு நாள் கதவு சரியா மூடாம இருந்துச்சு. உள்ள பையன் கையில போன், ரைம்ஸ் ஓடுது, அந்தப் பொண்ணு சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கிட்டு இருக்கு. 750 ரூபாய் செஷன் அது. சுவத்துல பிரேம் போட்டு மாட்டியிருந்த சர்டிபிகேட்ல இருக்கிற பேர்ல அங்க யாருமே வேலை பார்க்கல. ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண், சி.ஆர்.ஆர். நம்பர்னு சொல்வாங்க, அது இருந்தே ஆகணும். கவுன்சில் வெப்சைட்லயே போட்டுப் பார்க்கலாம். பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் அந்தக் கவுன்சில்ல வரமாட்டாங்க, அவங்ககிட்ட டிகிரி கேளுங்க.

ஸ்கூல் சப்போர்ட்டுக்கு 4,000 வாங்கிட்டு குடுத்த கடுதாசியை ஹெச்.எம். வாங்கிக்கூடப் பார்க்கல. தேவையே இல்லன்னுட்டாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கிற குழந்தைக்கு 6-லேருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமை. வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருக்காங்க, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வர்ற ஏற்பாடும் உண்டு. எதுக்கும் காசு இல்ல.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஆரம்பிச்சது நாடகம். முதல் வாரம் "சர்வர் டவுன்". அடுத்து "மேடம் ஓசூர் கேம்ப்ல இருக்காங்க". அப்புறம் "ஆடி முடியட்டும்க்கா, ஆடியில பணம் வெளிய போகக் கூடாதுன்னு சார் சொல்லிட்டார்". வாங்கும்போது ஆடி இல்லையா? நேர்ல போனா ரிசப்ஷன்ல இருந்த பையன், "உங்க பிள்ளை கோஆப்ரேட் பண்ணல, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்"னு பத்து பேர் முன்னாடி சொல்றான். ஆட்டிசம் பிள்ளை கோஆப்ரேட் பண்ணலையாம், தெரபி சென்டர்ல. கடைசியா மீதி 25 செஷனுக்கு, அதாவது 18,750-க்கு, "அடுத்த குழந்தையைச் சேர்த்துவிட்டா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னாங்க. மறுநாள் வாட்ஸ்அப்ல பிளாக், பெற்றோர் குரூப்ல இருந்தும் தூக்கிட்டாங்க. 42,500-ல ஒரு ரூபாய் திரும்பல.

வரிசையா தர்றேன்னு சொன்னேன், பிள்ளை முழிச்சுட்டான், அதனால வேகமா. யு.டி.ஐ.டி. விண்ணப்பத்துல உங்க மொபைல் நம்பர் மட்டும், சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீனைப் பாருங்க. சி.ஆர்.ஆர். நம்பரை போட்டோ எடுத்துக்கோங்க. பேக்கேஜ் வேணவே வேணாம், செஷனுக்கு செஷன் குடுங்க. சீல் வச்ச பில் வாங்குங்க. ஸ்பெஷல் குழந்தைகளுக்கான மத்திய அரசோட நிராமயா ஹெல்த் இன்சூரன்ஸ்ல (சேர 250 அல்லது 500 தான், எங்ககிட்ட அதுக்கும் 3,000 கேட்டாங்க) தெரபி செலவைக் கேட்கவும் பில் வேணும். ஏமாந்தவங்க 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, போன் போடுங்க. நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

நாளைக்குத் திங்கள், கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். மனு எழுதியாச்சு. அந்த நோட்டுத்தாளை ஜெராக்ஸ் எடுக்கணும், பேனா மை ஏற்கெனவே மங்க ஆரம்பிச்சிடுச்சு. இதே சென்டர்ல பணம் குடுத்தவங்க யாராவது இருந்தா, உங்க ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோட காலையில பத்து மணிக்குள்ள வந்துடுங்க.