அயனாந்தா ஏர் பிளான்ட் தொகுப்பு: செடி அருமை, குடுவை வேண்டாம்

ஆன்லைனில் வாங்கிய இந்தத் தொகுப்பில், மண் இல்லாமலே வளரும் இந்த ஏர் பிளான்ட் செடிகள் உண்மையிலேயே தரமானவை; இலைமேல் வெள்ளைப் பொடி போலப் படிந்திருக்கும் நுண்செதில்கள்கூட உதிராமல் வந்து சேர்ந்தன, இந்தச் செடி தண்ணீரை உறிஞ்சுவதே அவற்றின் வழியாகத்தான், வேர் இருப்பது பற்றிக்கொண்டு நிற்பதற்கு மட்டுமே. இப்போது உள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன, அடுத்து ஊதாப் பூதான்!

ஆனால் கூடவே வரும் மூடிய கண்ணாடிக் குடுவை வேண்டவே வேண்டாம். காற்றோட்டம் இல்லாவிட்டால் நடுக்குருத்து அழுகிவிடும். கட்டியிருக்கும் செம்புக் கம்பியையும் கழற்றிவிடுங்கள், செம்பு இதற்கு நஞ்சு. வாரம் ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தலைகீழாக நன்றாக உதறி, 4 மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும்படி வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். அப்புறம், குறிப்புச் சீட்டில் ‘தண்ணீரே தேவையில்லை’ என்று அச்சிட்டிருப்பதை விற்பவர் உடனே திருத்த வேண்டும்.